வேளைக் கணக்கு: கல்கத்தா மெஸ் வீடுகளும் செலவுப் பங்கீட்டின் நியாயமும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கல்கத்தாவின் அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்றிய ஒருவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பது முன்பே தெரியும். ஊருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். மாதம் முடியும்வரை தெரியாத எண் ஒன்றே. அதை வங்காளிகள் 'மீல் ரேட்' என்றனர். அவர் தங்கியிருந்த மெஸ்ஸில் அந்த மாதம் ஒரு வேளை உணவின் விலை என்னவாயிற்று என்பதே அது. ஹாரிசன் சாலை, கல்லூரித் தெரு, ஆமர்ஸ்ட் தெரு, முக்தாராம் பாபு தெரு ஆகிய பகுதிகளின் பழைய மாடி வீடுகளில் அந்த எண்ணுக்காகப் பலர் காத்திருந்தனர். கூடி வாழ்வோர் தமக்குள் செலவை எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது என்ற கேள்விக்கு இந்திய நகரங்கள் கண்ட விடைகளுள் நுட்பமானவற்றில் ஒன்று அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அந்த விடை யாரைக் கணக்கில் சேர்த்தது, யாரைச் சேர்க்கவில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு ஒரு சொல் விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் மெஸ் என்றால் சிறிய உணவகம். திருவல்லிக்கேணியில் தங்குவதற்கு மேன்ஷன், உண்பதற்கு மெஸ் என இரண்டும் வேறு வேறு. வங்காளத்து மெஸ் அப்படியன்று. அது 'மெஸ்பாரி', அதாவது மெஸ் வீடு. பத்துப் பதினைந்து ஆண்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரையும் வேலையாள் ஒருவரையும் அமர்த்திக்கொண்டு, ஒரே அடுப்பில் சமைத்து உண்ட ஏற்பாடு. முதலாளி ஒருவர் நடத்தி மாதந்தோறும் இவ்வளவு என வாங்கிக்கொண்ட 'போர்டிங்'குகளும் இருந்தன. 1953இல் நிர்மல் தே இயக்கிய 'ஷாரே சுவாத்தர்' திரைப்படத்தில் வரும் அன்னபூர்ணா போர்டிங் அவ்வகையது. அங்கே விலை பேசிவிட்டால் கணக்கு முடிந்தது. குறையிருந்தால் முதலாளியைத் திட்டலாம். உறுப்பினர்களே நடத்திய மெஸ்ஸில் திட்டுவதற்கு ஆள் கிடையாது. சுமக்க வேண்டியவரும் குறைகூறுபவரும் ஒருவரே என்பதால் அங்குதான் பங்கீடு உண்மையான சிக்கலாயிற்று.

இத்தகைய வீடுகள் அவ்வளவு பெருகியதற்குக் காரணம் எளிது. கல்கத்தா ஆண்களின் நகரமாக இருந்தது. அந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவே காணப்படுகிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் மாவட்டத்துக் கிராமத்தில். சம்பாதிப்பவர் மட்டும் நகரத்தில். மாணவர்களின் நிலையும் இதுவே. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்திற்குப் பின் மாணவர் எங்கே தங்குகிறார் என்பது பல்கலைக்கழகத்தின் கவலையாயிற்று. 1917இல் அமைக்கப்பட்ட சாட்லர் ஆணையம் கல்கத்தா மாணவர்களின் விடுதிகளையும் மெஸ்களையும் விரிவாக ஆராய்ந்தது. ஜீவனானந்த தாஸ், சிப்ராம் சக்கரவர்த்தி முதலான எழுத்தாளர்கள் ஆண்டுக்கணக்கில் மெஸ்வாசிகளாக இருந்தவர்கள். 1932இல் வெளிவந்த சரதிந்து பந்தோபாத்யாயவின் முதல் பியோம்கேஷ் கதையில் துப்பறிவாளரும் அவருடைய நண்பர் அஜித்தும் அறிமுகமாவதே ஒரு மெஸ்ஸில், அறையைப் பகிர்ந்துகொள்ளும் தருணத்தில்தான்.

மெஸ்வாசிக்கு மெஸ் வீடு ஒருபோதும் வீடாகவில்லை. வங்காளிகள் இதைப் 'பாஷா' என்றும் 'பாரி' என்றும் இரு சொற்களால் வேறுபடுத்துவர். முன்னது தங்குமிடம், பின்னது சொந்த ஊரிலுள்ள இல்லம். சனிக்கிழமை அலுவலகம் முடிந்ததும் பலர் ரயிலேறி ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை காலையில் நேராக அலுவலகத்துக்குத் திரும்பினர். தொலைவிலுள்ள கிழக்கு வங்காள மாவட்டத்தவருக்கு அந்த வசதி இல்லை; அவர்கள் பூஜை விடுமுறையில்தான் போக முடியும். ஒரே மெஸ்ஸில் ஒருவர் மாதத்தில் 58 வேளை உண்பார். இன்னொருவர் 40 வேளைதான் உண்பார். மொத்தச் செலவைத் தலைக்குச் சமமாக வகுத்தால் வாரந்தோறும் ஊர் போகிறவர் மற்றவருடைய சோற்றுக்குப் பணம் கட்டியவராவார். மீல் ரேட் இந்தச் சிக்கலிலிருந்து பிறந்த கருவி.

அதன் செயல்முறை இது. செலவு மூன்றாகப் பிரிக்கப்படும். வீட்டு வாடகை 'சீட்' கணக்கில் வரும். சீட் என்பது அறையன்று. ஒரு கட்டில் போடுமளவு இடம். தளம், காற்று, சன்னல் ஆகியவற்றைப் பொறுத்துச் சீட்டுக்குச் சீட்டு வாடகை மாறலாம். தென்காற்று வரும் அறைக்குக் கல்கத்தாவில் எப்போதுமே தனி மதிப்புண்டு. சமையற்காரர், வேலையாள் ஆகியோரின் சம்பளம், அடுப்புக்கரி, பொது விளக்கு போன்றவை தலைக்குச் சமமாக வகுக்கப்படும். ஒருவர் ஊரில் இருந்தாலும் சமையற்காரருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதால் இதில் வராதவருக்குக் கழிவு இல்லை. மூன்றாவது சந்தைச் செலவு. அரிசி, பருப்பு, மீன், காய்கறி, கடுகெண்ணெய், மசாலா எல்லாம் இதில் அடங்கும். இந்தத் தொகையை மாதத்தில் எல்லா உறுப்பினரும் சேர்ந்து உண்ட வேளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது மீல் ரேட்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12 பேர் உள்ள மெஸ். மாதச் சந்தைச் செலவு 150 ரூபாய். உண்ட வேளைகள் 600. ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்கில் 150 ரூபாய் 2400 அணா. ஆக வேளைக்கு 4 அணா. 58 வேளை உண்டவர் 14 ரூபாய் 8 அணா தர வேண்டும். 40 வேளை உண்டவர் 10 ரூபாய். மாதத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் முன்பணமாகக் கட்டிய தொகையிலிருந்து இதைக் கழித்து, மீதியிருந்தால் திருப்பித் தருவர், குறைந்தால் வாங்குவர். உண்ண வராதவர் முன்கூட்டியே, பெரும்பாலும் முந்தைய இரவிலேயே, 'மீல் ஆஃப்' சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வெளியே உண்டால் அந்த வேளையும் அவர் கணக்கில் ஏறும். உலையில் அவருக்கும் சேர்த்து அரிசி போட்டாயிற்றே. விருந்தினரை அழைத்து வந்தால் அது அழைத்தவரின் வேளை.

இதில் கவனிக்க வேண்டியது, சம்பளச் செலவையும் சந்தைச் செலவையும் தனித்தனியே பிரித்த நுட்பம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து வேளையால் வகுத்திருந்தால், பூஜை மாதத்தில் பாதிப்பேர் ஊருக்குப் போனதும் எஞ்சியவர்களின் வேளை விலை ஏறிவிடும். போக இடமில்லாதவர், போகிறவர்களுக்காகத் தண்டம் கட்ட நேரும். முழுவதையும் தலையால் வகுத்தால் அநியாயம் எதிர்த்திசையில் நடக்கும். நிலையான செலவு, மாறும் செலவு என்று இன்றைய வணிகவியல் மாணவர் முதலாண்டில் படிக்கும் பிரிவைக் குமாஸ்தாக்கள் தம் சொந்த வயிற்றுக்காக நடைமுறைப்படுத்தியிருந்தனர். பகல் முழுவதும் பிறர் கணக்கை எழுதியவர்கள் இரவில் தம் கணக்கைச் சரியாக எழுதியதில் வியப்பில்லை.

ஆயினும் வேளை என்பது சமமான அலகா? சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் பரிமாறப்படும். மீன் மட்டும் எண்ணி வைக்கப்படும். மெல்லிய உடலினர் ஒருவரும் பெருந்தீனிக்காரர் ஒருவரும் ஒரே 4 அணாதான் தருகின்றனர். மீன் உண்ணாதவர் மீனுக்கும் சேர்த்தே கொடுக்கிறார். இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டுவர முடியாதா என்றால், முடியும். அதே நகரத்தின் 'பைஸ் ஹோட்டல்'கள் அதைத்தான் செய்தன. அங்கே சோற்றுக்கு ஒரு விலை, பருப்புக்கு ஒரு விலை, மீனுக்கு ஒரு விலை. வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனி விலை. எடுத்ததற்கு மட்டும் பணம் என்ற கணக்கின் உச்சம் அது. மெஸ் அந்த எல்லைவரை போகாமல் நின்றது. ஒரு வேளைக்குள் நடப்பதை எண்ணுவதில்லை. வேளைகளை மட்டுமே எண்ணுவது. அண்டை இலையைப் பார்த்து எத்தனை கரண்டி என்று எண்ணத் தொடங்கினால் கூடி வாழ முடியாது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். கணக்கின் துல்லியத்தை ஓரிடத்தில் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டதே இம்முறையின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மேலாளர் பொறுப்பு மாதந்தோறும் மாறியது. சந்தைக்குப் போவதும் முறைவைத்து. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, கணக்கெழுதும் உழைப்பும் சந்தைக்கு நடக்கும் உழைப்பும் ஊதியமின்றியே எல்லாருக்கும் சமமாகப் பகிரப்பட்டன. மற்றொன்று, ஒவ்வொருவரின் மாதமும் ஒரு எண்ணாக எஞ்சியது. அந்த எண்ணை முந்தைய மாதத்தோடு ஒப்பிடலாம். விலையைக் குறைத்தவர் பாராட்டுப் பெறுவார், பருப்பு தண்ணீராக ஓடினால் வசையும் பெறுவார். மாதக் கடைசியில் பணம் மிஞ்சினால் ஒரு 'ஃபீஸ்ட்'. மிஞ்சும்படி மாதம் முழுவதும் கையை இறுக்கிவிட்டுக் கடைசி நாளில் ஆட்டிறைச்சி போட்டவர் நல்ல மேலாளரா, கெட்ட மேலாளரா என்ற வாதம் எந்த மெஸ்ஸிலும் எளிதில் தீராது.

இந்தக் கணக்குப் பண்பாடு எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பிரேமேந்திர மித்ரா படைத்த கனாதா சான்று. 1945இல் தொடங்கிய அக்கதைகளின் களம் வனமாலி நஸ்கர் சந்து 72ஆம் எண் மெஸ். உலகம் முழுவதும் சுற்றியதாகக் கதையளக்கும் கனாதா, மெஸ்ஸுக்குப் பணம் தருவதில் அக்கறை காட்டாதவர். ஆனால் ஷிஷிரிடம் 'கடன்' வாங்கும் சிகரெட்டுகளின் எண்ணிக்கையை ஒன்றுகூடப் பிசகாமல் சொல்வார்; திருப்பித் தரமாட்டார். வங்காள வாசகர் இதற்குச் சிரித்ததன் காரணம், கணக்கு வைத்திருப்பதே பாதி நேர்மை என்று நம்பிய ஒரு வாழ்க்கை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, இந்த நியாயத்தின் வாசலைப் பார்க்க வேண்டும். வேளையால் வகுக்கப்பட்டது உறுப்பினர்களின் செலவு. உறுப்பினர் யார் என்பதைக் கணக்கு முடிவு செய்யவில்லை. ஊரும் சாதியும் மதமும் முடிவு செய்தன. ஒரே மாவட்டத்தவர், ஒரே சாதியினர் சேர்ந்தெடுத்த மெஸ்கள் மிகுதி. 1911இல் மாநிலக் கல்லூரியில் பயில டாக்காவிலிருந்து வந்த மேகநாத் சாகா, ஈடன் இந்து விடுதியில் சேர்ந்தார். அவர் தம்முடன் ஒரே கூடத்தில் உண்பதற்கு மேல்சாதி மாணவர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். பின்னர் அவர் விடுதியை விட்டு மெஸ் ஒன்றுக்கு மாறினார். பிற்காலத்தில் விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் சமன்பாட்டைத் தந்தவருக்கு அந்த விடுதியில் கட்டண விகிதத்தில் அநியாயம் எதுவும் நேரவில்லை. எல்லாரும் கட்டியதையே அவரும் கட்டினார். பந்தியில்தான் இடமில்லை.

கணக்கேட்டில் இன்னொருவரும் உறுப்பினராக இல்லை. அவர் சமையற்காரர், 'டாக்கூர்'. கல்கத்தா மெஸ்களில் இவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்து வந்த பிராமணர். பிராமணர் கையால் சமைத்ததை எச்சாதியினரும் உண்ணலாம் என்பதே அவரை அமர்த்தியதற்கான காரணம். சடங்கு வரிசையில் வீட்டிலேயே உயர்ந்தவர்களுள் ஒருவராகவும், ஏட்டின் வரிசையில் கரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அருகில் எழுதப்படுபவராகவும் ஒரே மனிதர் இருந்தார். அவரும் வேலையாளும் கடைசியில் அதே பானையிலிருந்து உண்டனர். அவர்கள் உண்ட வேளைகள் எண்ணப்படவில்லை. அவற்றின் செலவு உறுப்பினர் வேளைகளின் மீது பரவி நின்றது. மெஸ்வாசியைப் போலவே அவருக்கும் குடும்பம் ஊரில் இருந்தது. அவரும் பணம் அனுப்பினார். மெஸ்வாசிகள் எழுதிய நினைவுகளும் கதைகளும் ஏராளம். டாக்கூர் எழுதியது தேடினாலும் கிடைப்பது அரிது.

பம்பாயோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே ஆலைப் பகுதியான கிர்ணகாவில் ஒரே கிராமத்தவர் சேர்ந்தெடுத்த அறைகள் இருந்தன. ஷிஃப்ட் வேலையால் ஒருவர் எழுந்த இடத்தில் மற்றவர் படுத்தார். வாடகை பலர் தலையில் பகிரப்பட்டது. உணவு மட்டும் அந்த அறையில் சமைக்கப்படவில்லை. 'கானாவள்' நடத்திய பெண்கள் தங்கள் ஒற்றையறை வீட்டில் சமைத்து ஆலைத் தொழிலாளர்க்கு மாதக் கட்டணத்துக்கு உணவளித்தனர். சம்பள நாள்வரை அவர்கள்தாம் காத்திருந்தனர். வேலைநிறுத்தக் காலங்களில் கடனுக்குச் சோறு போட்டதும் அவர்களே. மளிகைக்கு வட்டிக்காரரிடம் கடன் வாங்கி, அந்த வட்டியைத் தாங்களே சுமந்தனர். கல்கத்தாவில் உறுப்பினர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட இடர் முழுவதையும் பம்பாயில் ஒரு பெண் தனியே தாங்கினாள். தொழிற்சங்கச் செயற்பாட்டாளர் பிரேமா புரவ் 1975இல் இப்பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தை அமைத்து வங்கிக் கடன் பெற வழி செய்தபோதுதான், அவர்களின் அடுப்பு ஒரு தொழிலாக வங்கியின் ஏட்டில் ஏறியது.

மெஸ் கணக்கு தாங்க முடியாத சோதனையைச் சந்தித்தது 1943இல். கல்கத்தாவில் அரிசியின் மொத்த விலை 1942 டிசம்பரில் மணங்குக்கு 13, 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21. மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. இதற்கிடையில் அரசு அலுவலகங்களும் ரயில்வேயும் துறைமுகமும் பெரிய நிறுவனங்களும் தம் ஊழியர்க்குச் சலுகை விலையில் தானியம் வழங்கின. போருக்குத் தேவையான நகரம் உண்ண வேண்டும் என்பது அரசின் கணக்கு. ஒரே மெஸ்ஸில் ரயில்வே ஊழியரும் தனியார்ப் பள்ளி ஆசிரியரும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தால், முன்னவருக்குக் கிடைக்கும் மலிவு அரிசி யாருடையது? அவர் அதைப் பொதுப் பானையில் போட்டால் எல்லாருடைய வேளை விலையும் குறையும். தமக்கென வைத்துக்கொண்டால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. மீல் ரேட் என்ற கருவி, அரிசிக்குச் சந்தையில் ஒரே விலை இருக்கிறது என்ற நம்பிக்கையின் மீது நின்றது. அந்த நம்பிக்கை அந்த ஆண்டு தகர்ந்தது. 1944 ஜனவரி இறுதியில் கல்கத்தாவில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தபின், தலைக்கு இவ்வளவு என்று அரசே அளவை நிர்ணயித்தது. பெருந்தீனிக்காரரைப் பற்றிய பழைய வாதத்தை அளவுப்படி அரிசி ஒருவகையில் முடித்துவைத்தது.

அந்த ஆண்டில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கல்கத்தா வீடுகளின் வாசலில் நின்று கேட்டது சோறு அன்று. 'ஃபேன்', சோறு வடித்த கஞ்சித் தண்ணீர். சோற்றைக் கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கஞ்சிக்கு மெஸ் ஏட்டில் எந்நாளும் பத்தி இருந்ததில்லை. அது வடித்துக் கொட்டப்படுவது, விலையற்றது. அதை வாசலில் நிற்பவருக்கு ஊற்றிய கை பெரும்பாலும் டாக்கூருடையதாகவோ வேலையாளுடையதாகவோதான் இருந்திருக்கும்.

போருக்குப் பின் மெஸ்கள் உடனே மறையவில்லை. பிரிவினை கொண்டுவந்த கூட்டம் அவற்றை மேலும் நிரப்பியது. பிறகு குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. 1950களின் இறுதியிலிருந்து ஹௌரா பக்கமும் அடுத்த பத்தாண்டில் சியால்தா பக்கமும் மின்ரயில்கள் ஓடத் தொடங்கியதும், சனிக்கிழமை ஊர் போனவர்களுள் அருகிலிருந்தோர் நாள்தோறும் மாலையில் போய்ச் சேர முடிந்தது. மாணவர் மெஸ்கள் மட்டும் வங்காளத்திலும் வங்கதேசத்திலும் அதே மீல் ரேட்டுடன் தொடர்கின்றன.

தமிழகத்தின் பல கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங்' எனப்படும் முறை இதன் உறவினரே. மாத உணவுச் செலவை எல்லா மாணவரின் மொத்த நாள்களால் வகுத்து, அவரவர் நாள்களால் பெருக்குவது அது. வேளை அங்கே நாளாக வளர்ந்துவிட்டது. கழிவு வேண்டுமானால் தொடர்ந்து சில நாள்கள் வெளியூரில் இருக்க வேண்டும். முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். முந்தைய இரவில் வாய்ச்சொல்லாகச் சொன்னாலே போதும் என்ற வசதி பத்துப் பேர் கொண்ட வீட்டுக்குரியது. பல விடுதிகளில் இப்போது ஒப்பந்ததாரர் வந்துவிட்டார். மாணவர் பிரதிநிதிகள் கேள்வி கேட்பது அவர் தரும் நாள் விலையைப் பற்றி. சமையற்காரரின் சம்பளம் அந்த விலைக்குள் அடங்கிவிட்டது. டாக்கூரின் பெயருக்கு நேரே மெஸ் ஏட்டில் இருந்த ஒற்றை வரியும் புதிய ரசீதில் இல்லை.